பெரியப்பாவின் மூச்சுப் பயிற்சி

20 ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழும் என் 74 வயதுப் பெரியப்பாவுக்குச் சென்ற மாதம் பெருங்குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்தது. நாங்கள் கட்டியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, மருத்துவரோ நுரையீரலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

வயிற்றில் தையல் இருக்கும்போது, வலிக்குப் பயந்து முதியவர்கள் ஆழமாக மூச்சு இழுப்பதோ நன்றாக இருமுவதோ இல்லை. அதனால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கி, அங்கே கிருமிகள் பெருகி நிமோனியா உண்டாகக்கூடும். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் திறனும் குறைந்துவிடுகிறது.

மறுநாளே தாதி அவரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தபோது எனக்கு மனம் பதறியது. அது தேவையான சிகிச்சை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். வயிற்றைத் தலையணையால் அணைத்தபடி இருமுவதையும், மூச்சுப் பயிற்சிக் கருவியில் பந்தை மேலே எழுப்புவதையும் பெரியப்பா பொறுமையாகக் கற்றுக்கொண்டார். பல் துலக்குவதைக்கூடத் தவறவிடக் கூடாது, ஏனெனில் வாயிலுள்ள கிருமிகளும் நுரையீரலுக்கு இறங்கக்கூடும்.

முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரலாம் என்பதை வீட்டில் இருப்பவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். திடீர்க் குழப்பம், வேகமான மூச்சு, காரணமின்றி ஏறும் சர்க்கரை ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்.

65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், அதற்குக் குறைந்த வயதில் நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கும், நிமோனியாவை உண்டாக்கும் ஒரு வகைக் கிருமிக்கு எதிரான நிமோகோக்கல் தடுப்பூசி சிங்கப்பூரில் பரிந்துரைக்கப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், இந்தத் தடுப்பூசியைப் பற்றிப் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.