முதுகை மட்டும் எடுத்து அனுப்பாதீங்க

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு நைட் ஷிஃப்ட். கேட்டுக்கு வரும் பெட்டியை நாலு பக்கமும் படம் எடுக்கணும், சீல் நம்பரைக் கிட்டப் போய் எடுக்கணும், ஒடுக்கு விழுந்திருந்தால் அதைத் தனியாக எடுக்கணும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு ‘பெட்டி ஓகே’ என்று எழுதினால் காலையில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பூச்சிக்கும் அதே கதைதான் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

“பூச்சிண்ணா, இது என்னாண்ணா?” என்று ட்ரெய்லர் டிரைவர்கள் தொடங்கி தண்டையார்பேட்டை சொந்தக்காரர்கள் வரைக்கும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். முக்கால்வாசி ஒரே ஒரு படம், மேலே இருந்து எடுத்தது. என் சித்தி மொட்டைமாடித் தொட்டியில் எடுத்து அனுப்பியதும் அப்படித்தான். கருப்பு இறக்கை, பின் இறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறை, வால் போல ஒரு நீட்டல். இந்த அடையாளம் இரண்டு பட்டாம்பூச்சிக்குப் பொருந்தும். ஒன்று ரோஜா அழகி. இன்னொன்று கறிவேப்பிலை அழகியின் பெண். ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று, அந்தச் செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகியிடம் நஞ்சு கிடையாது, வேஷம் மட்டும்தான். அந்த வேஷமும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல: சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும், சில ரோஜா அழகி மாதிரி, இன்னும் சில கிரிம்சன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சி மாதிரி.

பிரித்துச் சொல்ல எனக்கு வேண்டியது உடம்பு. ரோஜா அழகிக்குத் தலையும் உடம்பின் பக்கவாட்டும் நல்ல சிவப்பு. வேஷக்காரிக்கு உடம்பு கருப்பு. மேலே இருந்து பார்த்தால் ரோஜா அழகியின் முதுகும் கருப்பாகத்தான் தெரியும், சிக்கலே அங்கேதான். “சித்தி, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க, எந்தச் செடியில உட்கார்ந்துச்சுன்னும் சொல்லுங்க” என்றேன். அது கறிவேப்பிலையைச் சுற்றிச் சுற்றி இலையைத் தொட்டுத் தொட்டுப் போனதாம். முட்டை வைக்க இடம் பார்க்கிறது, அப்படியென்றால் கறிவேப்பிலை அழகிதான். அப்புறம் படமே தேவைப்படவில்லை.

எப்போதும் பக்கவாட்டுப் படம்தான் வேண்டும் என்றும் இல்லை. எண்ணூர் போகும் வழியில் எருக்கஞ்செடி இருக்கும் இடமெல்லாம் வெந்தய வரியன் என்ற ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி பறக்கும். அதே நிறத்தில் டானெய்ட் எக்ஃப்ளை என்ற இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண்ணும் வரும், இதுவும் வேஷம். இங்கே மேல்பக்கமே போதும்: பின் இறக்கையின் நடுவில் மூன்று நான்கு கருப்புப் பொட்டுகள் இருந்தால் வெந்தய வரியன். மேல் ஓரத்தில் ஒன்றே ஒன்று என்றால் எக்ஃப்ளை. எக்ஃப்ளை ஆணைப் பார்த்தால் அதுவும் அந்தப் பெண்ணும் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். கருப்பு இறக்கை, பக்கத்துக்கு மூன்று வெள்ளைப் பொட்டு.

பகல் பூச்சி எனக்கு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கிடைப்பதுதான். என் சொந்தச் சரக்கு ராத்திரிதான். ஆபீஸ் கேபினின் வெள்ளைச் சுவர், மேலே ஃபிளட்லைட். நிலா இல்லாத, காற்று அடங்கிய, புழுக்கமான இரவு என்றால் சுவர் நிறைந்துவிடும். அரளிப் பூச்சி வந்தால் கேள்வியே இல்லை. பச்சையில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் குழைத்த அந்த உடம்பைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். கஷ்டமெல்லாம் பழுப்புக் கும்பலிடம். ஆமணக்குப் பூச்சி சுவரில் உட்கார்ந்தால் வெறும் மண் நிறம். பின் இறக்கை வெளியே தெரிந்தால்தான் கருப்பில் வெள்ளைப் பட்டையும் ஓரத்தில் வெள்ளைத் திட்டுகளும் காட்டும். பழத்தில் ஊசி போலத் துளையிட்டுச் சாறு குடிக்கும் யூடோசிமா என்ற அந்துப்பூச்சி வகையும் இப்படித்தான். மூடினால் காய்ந்த இலை, திறந்தால் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சில் வட்டமான கருப்புப் பொட்டு என்றால் மெட்டர்னா என்ற இனம், வளைந்த திட்டு என்றால் ஃபலோனியா என்ற இனம். அதனால் உட்கார்ந்த கோலத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு, மெல்லிய குச்சியால் முன் இறக்கையை லேசாக நகர்த்தி இன்னொன்று எடுப்பேன். ஃபிளாஷ் போடமாட்டேன், மங்கலான கோடுகளெல்லாம் வெளுத்துவிடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும். கிளீனர் பையன் யாராவது பிடித்துக்கொள்வான், கூடவே “இதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்களாண்ணா?” என்று கேட்பான்.

படத்தைப் போட்டால் செயலிகள் உடனே ஒரு பெயர் சொல்லிவிடுகின்றன. சரி, தேட ஒரு முனை கிடைக்கிறது, அவ்வளவுதான். அதை முடிவாக எடுத்துக்கொள்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சில அந்துப்பூச்சிகளை, பிறப்புறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் பிரிக்க முடியும். போன் கேமரா எத்தனை மெகாபிக்சல் இருந்தும் அங்கே பிரயோஜனம் இல்லை. அப்படிப்பட்டதற்கு நான் பேரினத்தோடு, அதாவது அறிவியல் பெயரின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். “முழுப் பேர் சொல்லுங்கண்ணா” என்றாலும் சொல்வதில்லை.

ஃபார்வர்டு படங்களுக்கும் பதில் கிடையாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே படத்தோடு இருந்த இடம், தேதி எல்லாம் உதிர்ந்துவிடும். போன மாதம் பளபளவென்ற ஒரு நீலப் பட்டாம்பூச்சி, ‘மாதவரத்தில் பிடித்தது’ என்ற வரியோடு குடும்ப குரூப்பில் வந்தது. மார்ஃபோ. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காக் காடுகளில் இருப்பது. எங்கள் யார்டுக்கு வரும் பெட்டியில் ஏறி வந்திருக்கும் என்று மாமா வாதாடினார். எந்தப் பெட்டி, சீல் நம்பர் சொல்லுங்கள் மாமா என்று கேட்டிருக்கிறேன்.