நான் கற்றுக்கொண்ட வகுப்பில் எனக்கு ஆப்சென்ட்

ஓசூரில் ஆட்டோ உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரெய்னிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் பெங்களூருவில் நடந்த இரண்டு நாள் பயிற்சி மாநாட்டுக்கு என்னை அனுப்பினார்கள். பதிவு செய்தது, பணம் கட்டியது எல்லாம் பத்து நிமிட வேலை. வம்பு அதற்கப்புறம்தான்.

முதல் நாள் காரில் போனேன். புத்தி கெட்ட வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பியும் சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கில் சிக்கி, யஷ்வந்தபுரம் பக்கத்து ஓட்டல் வாசலில் இறங்கும்போது மணி பத்து. மறுநாள் பஸ்ஸில் பொம்மசந்திரா வரை போய், 2025 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்த மஞ்சள் லைன் மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறினேன். கசங்காத சட்டையோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓசூரிலிருந்து போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

முதல் நாள் மேடைப் பேச்சுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி நன்றாக இருந்தது.

நான் போனதே இரண்டாம் நாள் பயிலரங்கு ஒன்றுக்காகத்தான். பயிற்சி கொடுத்தபின் ஷாப் ஃப்ளோரில், அதாவது ஆட்கள் வேலை செய்யும் இடத்தில், ஏதாவது மாறியதா என்று எப்படிப் பார்ப்பது என்பது தலைப்பு. 1959-ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் எழுதிய நான்கு நிலைகளை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒப்பிப்போம்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, கம்பெனிக்குப் பலன் உண்டா. நடைமுறையில் முதல் நிலையில் ஃபீட்பேக் ஃபாரம் வாங்கி ஃபைலில் குத்திவிட்டு நின்றுவிடுவோம். ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தரச் சான்று விதிகளில் 7.2 பிரிவு, கொடுத்த பயிற்சி பலித்ததா என்று மதிப்பிடச் சொல்கிறது. ஒவ்வொரு ஆடிட்டிலும் நான் திருதிருவென்று முழிக்கும் இடம் அது.

கதவருகே நின்ற பெண் என் பேட்ஜை ஸ்கேன் செய்தார். சிவப்பு விளக்கு.

"ஆப்ல சீட் புக் பண்ணலையே சார்?"

டெலிகேட் ஃபீஸ் கட்டினால் எல்லாவற்றுக்கும் போகலாம் என்று நினைத்திருந்தேன். பயிலரங்குகளுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் தனியாக இடம் பிடிக்க வேண்டுமாம். இடம் பிடிக்காதவர்களை ஆப்பே பெரிய ஹாலில் நடக்கும் கலந்துரையாடலில் சேர்த்துவிடுமாம். நான் கெஞ்சியதற்கு, "சிஸ்டம் அலோ பண்ணாது சார்" என்பதே பதில். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆறு நாற்காலி காலி. இருபது நிமிடம் அங்கேயே நின்றேன். யாரோ போன் பேச வெளியே வந்தார். கதவு மூடுவதற்குள் நான் உள்ளே. அந்தப் பெண் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு ஒரு நன்றி.

நடத்தியவர் எல்லோர் கையிலும் ஒரு அட்டையைக் கொடுத்து, "நீங்கள் கொடுக்கும் ஒரு பயிற்சியை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் கழித்து சூப்பர்வைசர் கண்ணால் எதைப் பார்ப்பார்?" என்று கேட்டார். நான் டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவு இறுக்கத்துக்கு முடுக்கும் கருவி) பயிற்சியை எடுத்துக்கொண்டு, 'ஆபரேட்டர்களிடம் விழிப்புணர்வு கூடியிருக்கும்' என்று எழுதினேன். வந்து பார்த்தவர் பேனாவை வாங்கி அதன் மேல் ஒரே கோடு. "விழிப்புணர்வு எந்த ரேக்கில் இருக்கும்?"

கோபம்தான் வந்தது. பிறகு யோசித்து எழுதினேன்: 'ஷிஃப்ட் முடிந்ததும் ரேக்கில் இருக்கும் ரெஞ்சுகள் எல்லாம் ஸ்கேலில் கடைசி அளவுக்கு இறக்கி வைக்கப்பட்டிருக்கும்.' கிளிக் வகை ரெஞ்சை (வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் கொடுப்பது) அளவு ஏற்றியபடியே வைத்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, அளவு தப்பாகக் காட்டும். பதினைந்து வருடமாக வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் ரேக்கைப் போய்ப் பார்த்ததே இல்லை. திரும்பி வந்த அன்று பார்த்தேன். 12 ரெஞ்சில் 4 தான் இறக்கி வைத்திருந்தது.

இனி பில் கதை. கட்டணம் 15,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 17,700. பில்லில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று, ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்குப் போடுவதுபோல் மத்திய, மாநில வரியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் சார் தூக்கி எறியாத குறை. "நம்ம நம்பர் 33-ல ஆரம்பிக்குது, அவங்களோடது 29. ஐ.ஜி.எஸ்.டி. போட்டு வாங்கிட்டு வா." ஜி.எஸ்.டி. நம்பரின் முதல் இரண்டு எண் மாநிலத்தைச் சொல்லும்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. அமைப்பாளர்களுக்கு நான்கு மெயில். நான்காவதுக்கு ஒற்றை வரிப் பதில்: நிகழ்ச்சி நடந்தது கர்நாடகாவில். ஒரு வாரம் இரண்டு பக்கமும் இடி வாங்கியபின் எங்கள் ஆடிட்டர்தான் தீர்த்துவைத்தார். ஐ.ஜி.எஸ்.டி. சட்டம் 12-ஆம் பிரிவில், பதிவு பெற்ற கம்பெனிக்குக் கொடுக்கும் பயிற்சி என்றால் கம்பெனி இருக்கும் இடம் கணக்கு. நிகழ்ச்சிக்கான நுழைவுக் கட்டணம் என்றால் நிகழ்ச்சி நடக்கும் இடம் கணக்கு. மாநாட்டுக் கட்டணம் இரண்டாவதில் விழுகிறது என்றார். ஆக அது கர்நாடகா வரி; 2,700 ரூபாயை எங்கள் வரியில் கழித்துக்கொள்ள (இன்புட்) முடியாது, செலவுதான். வெளிமாநில மாநாடு என்றால் அப்ரூவல் நோட்டிலேயே வரியோடு சேர்த்து முழுத் தொகையைப் போட்டுவிடுங்கள். பிறகு பேச்சு வாங்க வேண்டாம்.

சான்றிதழ் வாங்க ஃபீட்பேக் ஃபாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அங்கேயும் முதல் நிலைதான். நிரப்பினேன், பி.டி.எஃப். வந்தது. எந்தெந்த அமர்வில் இருந்தேன் என்று கீழே பட்டியல். நான் எட்டிக்கூடப் பார்க்காத பெரிய ஹால் கலந்துரையாடல் அதில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் என்று. பயிலரங்கு இல்லை. திருத்தித் தரக் கேட்டதற்கு ஸ்கேன் பதிவு இல்லை என்று பதில். எச்.ஆரில் அதைத்தான் என் டிரெய்னிங் ரெக்கார்டில் ஏற்றியிருக்கிறார்கள். கோடு போட்ட அட்டை என் மேஜை டிராயரில் இருக்கிறது.

டிராவல் பில் இன்னும் பாஸாகவில்லை. முதல் நாள் காருக்கு ஒரிஜினல் ரசீது வேண்டுமாம்.