தேய்க்கும் கையைவிடப் பிடிக்கும் கை: மாதிரி விமான இறக்கைச் செய்முறைத் தேர்வு அனுபவம்

எங்கள் மாதிரி விமானச் செய்முறைத் தேர்வில், ரிப் (இறக்கைக்குக் குறுக்கு வடிவம் தரும் விலா), ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம்), பால்சா ஷீட் (மேலே போர்த்தும் மெல்லிய, இலேசான மரத்தகடு) எல்லாம் ஒட்டி முடித்த ஒரு பக்க இறக்கையை நாமே கொண்டுசென்று, மூன்று மணி நேரத்துக்குள் அதன் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் சீவித் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் முறை எழுதியபோது நான் தேறவில்லை. இறக்கையைத் தொடையின் மேல் கிடத்தி, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் உப்புத்தாள் கட்டையை ஓட்டினேன். தேர்வாளர் ஓர் எஃகு அளவுகோலை முன்விளிம்பின் மேல் நீளவாக்கில் வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மூன்று இடங்களில் வெளிச்சம் கசிந்தது. பிறகு இறக்கையின் மேற்பரப்பில், இரண்டு ரிப்களுக்கு நடுவே இருந்த சிறு பள்ளத்தில் தம் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். அளவெடுத்தது போலப் பொருந்தியது. அது என் இடது கட்டைவிரல் பதித்த பள்ளம்.

அதுவரை நான் செய்த பயிற்சியெல்லாம் எந்த எண் உப்புத்தாளில் தொடங்குவது, எப்போது மாற்றுவது என்பதைப் பற்றியதாகவே இருந்தது. 120, 220, 320 என்று ஏறிச் செல்லும் வரிசையை எவரும் ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். மதிப்பெண் போனது பிடியில்தான் என்று புரிந்தபின், அடுத்த தேர்வுக்கு முந்தைய வாரங்களில் இறக்கையை எப்படி நிறுத்துவது என்பதை மட்டுமே பழகினேன். இரண்டு கைகளும் கட்டையின் மேலேயே இருக்க வேண்டும், இறக்கையைத் தொடவே கூடாது என்பதை எனக்கு நானே விதியாக வைத்துக்கொண்டேன்.

இறக்கையைச் சும்மா மேசையில் வைத்துத் தேய்த்தால் என்ன ஆகிறது என்பதை முதலில் கவனியுங்கள். அடிப்பரப்பு பெரும்பாலும் முழுத் தட்டையாக இருப்பதில்லை. பயிற்சி விமானங்களில் அதிகம் காணப்படும் கிளார்க் ஒய் என்ற குறுக்கு வடிவத்தை எடுத்துக்கொண்டால், அகலத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை) முன்பக்கத்து 30 சதவீதத்துக்குப் பின்னால்தான் அடிப்பக்கம் நேராக ஓடும். அதற்கு முன்னால் அது மேல்நோக்கி வளைந்துவிடும். ஆகவே முன்விளிம்பு மேசையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அங்கே கட்டையை அழுத்தினால் முன்பகுதி தாழ்ந்து பின்விளிம்பு எழும்பும், கையை எடுத்தால் திரும்ப விழும். ஒவ்வோர் இழுப்புக்கும் இந்த ஆட்டம் நிகழ்வதால், கட்டையின் கோணம் நம் கணக்கில் இல்லாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. முன்விளிம்புக்கு அடியில் நீளம் முழுவதும் ஒரு பால்சாப் பட்டையை முட்டுக் கொடுத்தால் ஆட்டம் பாதி நின்றுவிடும்.

மீதிப் பாதியை நிறுத்த, எடை வைக்க வேண்டும். மணலைப் பாதி மட்டும் நிரப்பிய துணிப் பைகள் இதற்கு மிகப் பொருத்தம். முழுக்க நிரப்பினால் பை கல் போல உருளும், பாதி நிரப்பினால் இறக்கையின் வளைவுக்கு ஏற்பப் படிந்து உட்காரும். பையை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது: ஸ்பார் ஓடும் கோட்டின் மேல், ரிப் இருக்கும் இடத்தில். ரிப்களுக்கு நடுவே ஷீட்டுக்கு அடியில் வெற்றிடம்தான் என்பதால் அங்கே வைக்கும் எடை தாங்காது. நான் ரிப் இருக்கும் இடங்களை மென்மையான பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்வேன். பையை இரட்டைத் துணியில் தைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மணல் கசிந்து, உப்புத்தாளுக்கு அடியில் சிக்கி, ஒரே இழுப்பில் நீளமான கீறல் விழுந்தது. கீழே விரிக்கும் பலகையின் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு இருந்தால் போதும். கம்பளத் துண்டும் ஆகும், ஆனால் தூசு உள்ளே தங்கும். உலர்ந்த பசைத் துணுக்கு ஒன்று அடியில் கிடந்தாலே பால்சாவில் குழி விழும் என்பதால், இறக்கையைத் திருப்பிப் போடும் ஒவ்வொரு முறையும் பலகையைத் துடைக்க வேண்டும். விழுந்த சிறு குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மரம் ஊதி மேலே வரும் என்பது உண்மைதான். ஆனால் தேர்வறையில் அது காயும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

இங்கே ஒரு தவறு எளிதில் நிகழ்கிறது. அசையக் கூடாது என்பதற்காக இறக்கையைப் பலகையோடு பலகையாக அழுத்திவிடுகிறோம். இறக்கையில் ஏற்கெனவே சிறு முறுக்கு இருந்தால், அழுத்திய நிலையில் அது நேராகத் தெரியும். நாமும் நேராகத் தேய்த்துவிடுவோம். எடையை எடுத்த மறுகணம் முறுக்கு திரும்பிவிடும், தேய்த்த விளிம்பும் அதோடு கோணலாகிவிடும். ஆகையால், எடை வைப்பதற்கு முன்பு இறக்கையை வெறுமனே கிடத்தி, நான்கு மூலைகளிலும் எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்து, அந்த இடைவெளி அளவுக்கே அட்டைத் துண்டுகளைச் செருக வேண்டும். வேண்டுமென்றே நுனியில் முறுக்கு வைத்துக் கட்டிய இறக்கைக்கும் இதே முறைதான். 200 மி.மீ. அகலமுள்ள நுனியில் 2 டிகிரி முறுக்கு என்றால், பின்விளிம்புக்கு அடியில் ஏறக்குறைய 7 மி.மீ. முட்டு வர வேண்டும். இறக்கை எந்த நிலையில் தானாக நிற்க விரும்புகிறதோ, அந்த நிலையில் அதை நிறுத்துவதே நம் வேலை.

பின்விளிம்புக்கு நான் பலகையின் ஓரத்தைப் பயன்படுத்துகிறேன். பின்விளிம்பும் பலகையின் ஓரமும் ஒரே கோட்டில் வரும்படி வைத்தால், 1 மி.மீ. வரை மெலியும் அந்த விளிம்புக்கு அடியில் கடைசிவரை தாங்கல் இருக்கும். விளிம்புக்கு அடியில் மெல்லிய இருபக்க ஒட்டு டேப்பை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் பசையை முதலில் ஒரு துணியில் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்து மட்டுப்படுத்துங்கள். கட்டை எப்போதும் தடித்த பக்கத்திலிருந்து மெல்லிய பக்கத்தை நோக்கியே போக வேண்டும். எதிர்த்திசையில் வந்தால் உப்புத்தாளின் ஓரம் விளிம்பில் கொக்கி போல மாட்டி, நாரோடு பிய்த்துவிடும்.

முன்விளிம்பு வேறு மாதிரி. அதை உருண்டையாக்க இறக்கையை நிமிர்த்தி, முன்விளிம்பு மேலே வரும்படி நிறுத்த வேண்டும். மெல்லிய பின்விளிம்பின் மேல் முழு எடையும் இறங்கினால் நசுங்கிவிடும் என்பதால், இறக்கையின் குறுக்கு வடிவத்திலேயே வெட்டிய இரண்டு தாங்கிகளைத் தடித்த ஃபோம் தகட்டில் செய்துகொண்டேன். பின்விளிம்பு அடியைத் தொடாதபடி வெட்டின் அடிப்பகுதியை ஆழமாக விட்டு, எடையை இறக்கையின் இரு கன்னங்களும் ஏற்கும்படி அமைத்தேன். இரண்டும் ரிப்களுக்கு நேராக வர வேண்டும். இறக்கையை உடலோடு இணைக்கும் குழாய் உள்ளே இருந்தால், அதில் இணைப்புக் கம்பியைச் செருகி, கம்பியை வைஸில் (மேசையில் பொருத்திய பிடிகருவி) பிடிப்பது இன்னும் உறுதியானது. அப்போது வைஸின் தாடை இறக்கையைத் தொடவே வேண்டியதில்லை. நுனிப் பக்கம் மட்டும் ஒரு தாங்கி கொடுத்தால் அதிர்வு நின்றுவிடும்.

இப்படி நிறுத்தியபின் வேலை விரைவாகவே போகும். முன்விளிம்புச் சட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இருபுறமும் சிறு இழைப்புளியால் 45 டிகிரியில் சீவி, அந்த முனைகளை நீளமான கட்டையால் மழுக்கி, கடைசியில் மட்டும் நீளமான உப்புத்தாள் பட்டையை இரு கைகளாலும் பிடித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல மேலே மாறி மாறி இழுக்க வேண்டும். அருகில் உள்ள ஷீட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் அங்கே கீறல் விழாது. நடுக்கோடு கடைசிவரை அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அழிந்தால் அங்கே ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

உருண்டையின் அளவைக் கண்மதிப்புக்கு விடாமல் அட்டையில் அச்சு வெட்டி ஒவ்வொரு ரிப்பிலும் வைத்துப் பார்ப்பது நல்லது. நான்கு இலக்க எண்ணால் குறிக்கப்படும் நாகா (NACA) இறக்கை வடிவங்களுக்கு இதற்குச் சூத்திரமே உண்டு: தடிமனை அகலத்தின் பின்னமாக எழுதி, அதன் வர்க்கத்தை 1.1019-ஆல் பெருக்கினால் ஆரம் அகலத்தின் பங்காகக் கிடைக்கும். நாகா 0012-க்கு (தடிமன் அகலத்தில் 12 சதவீதம்), 200 மி.மீ. அகலத்தில், அது சுமார் 3.2 மி.மீ. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டார்கள். அட்டையிலேயே எழுதி வைத்திருந்ததால் பதில் தயாராக இருந்தது. மூக்குக் கவசம் அணிந்திருக்கிறோமா என்பதையும் அவர்கள் கவனிக்கிறார்கள், பால்சாத் தூசு மிக நுண்ணியது.

மூன்று மணி நேரத்தில் முதல் முப்பது நிமிடத்தை நிறுத்துவதற்கே செலவிடுங்கள். பக்கத்து மேசையில் தூசு பறக்கும்போது நாம் இன்னும் அட்டை செருகிக்கொண்டிருப்பது பதற்றமாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை நான் தேய்க்கத் தொடங்கியபோது பலர் பின்விளிம்பை முடித்திருந்தார்கள். ஆனாலும் இருபது நிமிடம் மிச்சம் வைத்தே முடித்தேன். அந்த இருபது நிமிடத்தையும் இறக்கையைப் பலகையிலிருந்து விடுவிக்கவே ஒதுக்கி வையுங்கள். இருபக்க டேப் ஒட்டிய பின்விளிம்பை நேராக மேலே தூக்கினால் கடைசி நிமிடத்தில் ஒரு துண்டு பலகையிலேயே தங்கிவிடும். ஒரு முனையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை அடியில் நுழைத்து, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, நுனிவரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போங்கள்.