கடிகாரத்து நீர்

அக்டோபர் 14

கண் அறுவை சிகிச்சையில் உள்ளே விட்ட வாயுக்குமிழிக்காகக் குப்புறக் கிடக்கும் இரண்டாம் நாள். தரைக் கற்களின் இடைக்கோடுகளை எண்ணிவிட்டேன், பதினொன்று. துப்பறியும் நாவலை நிறுத்திவைக்க மனம் வராததால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

அக்டோபர் 15

தீயிலிருந்தே முதல் அத்தியாயத்தைத் தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். 1198 அக்டோபர் 17 இரவு இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் நடந்ததை, அங்கேயே துறவியாக இருந்த ஜோஸ்லின் லத்தீனில் எழுதிவைத்ததைவிட நான் நன்றாக எழுதிவிடப் போவதில்லை. புனித எட்மண்டின் உடல் வைத்த பேழைக்கும் பீடத்துக்கும் நடுவே ஒரு மரமேடை. அதன்மேல் இரவும் பகலும் எரியும் இரண்டு மெழுகுத்திரிகள். எரிந்து தீரும் திரியின் தலையிலேயே புதிய திரியை ஒட்டவைத்துவிட்டுக் காவலர்கள் போய்விடுவார்கள். மேடைக்கு அடியில் ஆளிநார், நூல், மெழுகு, கந்தல் என்று அகப்பட்டதெல்லாம் அடைந்து கிடக்கும். நம் வீட்டுப் பூசை அலமாரியின் அடித்தட்டை நினைத்துக்கொண்டால் போதும். இரவு வழிபாட்டுக்கு முன் கடிகாரம் ஒலித்ததும் எழுந்த துறவி நெருப்பைக் கண்டு, சாவுக்குத் தட்டுவதுபோல் மரப்பலகையை ஓங்கித் தட்டினார். ஓடிவந்தவர்களில் சிலர் தண்ணீருக்காகக் கிணற்றுக்குப் போனார்கள். சிலர் கடிகாரத்துக்குப் போனார்கள். அது நீர்க்கடிகாரம்.

அந்த ஒரு வரியைத்தான் நான்கு மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 16

"தாத்தா, பலகையெல்லாம் தட்டுறாங்களே, செத்தது யாரு?" என்று கேட்டாள். எட்மண்ட் என்றேன். எப்போது என்றாள். 869-இல், டேனியர்களின் கையில். முந்நூற்று இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் செத்தவருக்குத் துப்பறிவாளர் எதற்கு என்று சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

மடத்துக் கதை என்றால் மூலிகைத் தோட்டமும் நஞ்சும் விடிகாலைப் பிணமும் வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தட்டப்பட்ட பலகை இருக்கிறது, பிணம் இல்லை. அதுவே போதும் என்று நேற்று இரவு தோன்றியது, காலையில் தோன்றவில்லை.

அக்டோபர் 17

கழுத்து வலி. கண்ணுக்குள் வாயுக்குமிழி ஆடுகிறது. எழுதவில்லை.

அக்டோபர் 18

நேற்று விட்டதற்கும் சேர்த்து இன்று கோபம் வருகிறது. விடிவதற்குள் பொற்கொல்லரை வரவழைத்து, கருகிய மரத்திலிருந்து தொங்கிய வெள்ளித் தகடுகளைப் பொருத்தச் செய்து, சிந்திய மெழுகையும் சுத்தம் செய்துவிட்டார்கள். காலையில் வந்த யாத்திரிகர்கள் எங்கே தீப்பிடித்தது என்று கேட்டபோது, திரி விழுந்து மூன்று துவாலைகள் எரிந்தன என்று பதில் சொன்னார்கள். அந்த "மூன்று" என்ற கணக்கு என்னை உறங்கவிடவில்லை. ஒன்றுமே எரியவில்லை என்றால் எவரும் நம்பமாட்டார்கள், மேடையே எரிந்தது என்றால் காணிக்கை நின்றுபோகும். மூன்று துவாலைகள் என்பது கைதேர்ந்த பொய்யரின் அளவு. அப்படியும் புனிதரின் தலையே எரிந்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு பரவியது.

வெளியூரிலிருந்து திரும்பிய மடாதிபதி சாம்சன் விசாரணை செய்தாரா? துறவிகள் உணவையும் பானத்தையும் குறித்து முணுமுணுத்த பாவத்தால் வந்த வினை இது என்றார். பேழைக் காவலர்களின் பேராசையையும் அசட்டையையும் விட்டுவிட்டு மடத்தின்மேலேயே பழியைத் திருப்பினார் என்று ஜோஸ்லினே எழுதுகிறார். ஓராண்டு விசேஷ உணவைக் கைவிட்டுப் பேழையைச் செப்பனிடலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, அந்த உதவி இல்லாமலே எட்மண்ட் தம் பேழையைச் சரிசெய்துகொள்வார் என்ற பேச்சு எழுந்து, யோசனை கைவிடப்பட்டது. படித்துக் காட்டியபோது பேத்தி சிரித்த சிரிப்பில் கணினி மடியிலிருந்து நழுவியது.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க விரும்பாத தலைவருக்குக் கீழேதான் என் துப்பறிவாளர் வேலை செய்ய வேண்டும்.

அக்டோபர் 20

பீடத்துக்கு அப்பாலிருந்த பெரிய உத்தரத்தைப் புதுப்பிப்பதற்காகச் சற்று முன்புதான் இறக்கியிருந்தார்கள். அதன்மேல் இருந்த சிலுவையும் புனிதப் பொருட்களும் அதனால் தப்பின. ஜோஸ்லின் இதில் கடவுளின் கருணையைக் காண்கிறார். இறக்கச் சொன்னவர் யார் என்று நான் கேட்கிறேன். இந்தக் கேள்வியை இப்போதைக்கு வைத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு ஐந்தாம் அத்தியாயத்திலேயே செலவழித்துவிடக் கூடாது.

அக்டோபர் 21

நவம்பரில் எட்மண்டின் திருநாளுக்குப் பின், மடம் முழுவதும் உறங்கிய நள்ளிரவில், 12 துறவிகளை மட்டும் அழைத்துக்கொண்டு சாம்சன் பேழையைத் திறந்தார். துணிகளுக்கு மேலேயே தொட்டுத் தலை இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். அழைக்கப்படாத டிஸ் ஊர் ஜான், கூரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாட்களாகத் தரையையே பார்த்துக்கிடக்கும் எனக்கு அவர்மேல் இருப்பது பொறாமையா, பரிவா என்று தெரியவில்லை. கதையை அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாம். அவருக்குக் கழுத்து வலித்திருக்கும்.

அக்டோபர் 22

மறுபடியும் கடிகாரம். துப்பறியும் கதையில் எவர் எப்போது எங்கே இருந்தார் என்பதே அச்சாணி. அந்த இரவில் "எப்போது" என்பதைத் தூக்கிக்கொண்டு போய்த் தீயில் கொட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு திரியை வைத்தவரும், பலகையைத் தட்டியவரும், பொற்கொல்லரை அழைக்கப் போனவரும் தாங்கள் சொன்ன நேரத்தையே வைத்துக்கொள்ளலாம், மறுக்க ஆளில்லை. என் துப்பறிவாளர் விடியலில் அந்தக் காலிப் பாத்திரத்தைக் குனிந்து பார்க்கிறார். அடியில் பாசியும் ஒரு விரற்கடை நீரும் இருக்கின்றன. அந்த ஒரு விரற்கடையை விட்டுவைத்தது யார்? மறுபடி நீர் ஊற்றியவர் எந்த நேரத்தை நேரமென்று வைத்து நிரப்பினார்?