கிரேன்கள் ஏலம் கேட்டன

நேற்று இரவு மலேசியாவின் பட்டர்வொர்த்தில், வீட்டில், கணினியில் நான் கட்டிய மாதிரித் துறைமுகத்தில் மூன்றாம் கிரேனை வேண்டுமென்றே நிறுத்தினேன். அதனிடம் இருந்த ஏழு கொள்கலன்களும் திரும்ப ஏலத்துக்கு வந்தன. மற்ற கிரேன்கள் தத்தம் தூரத்தையும் வரிசையையும் பார்த்து விலை கூறின. குறைவாகச் சொன்ன கிரேனுக்கு வேலை கிடைத்தது. நான் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்!

இந்த ஏல முறையைக் கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் 1980-லேயே எழுதிவிட்டார். 1993-இல் இன்னொரு ஆய்வாளர் யோவ் ஷோஹம், நிரலுக்கும் நம்பிக்கை, கடப்பாடு போன்றவை இருப்பதாக வைத்தே அதை எழுதலாம் என்றார். என் கிரேன்களைப் போலத் தானே முடிவெடுத்துச் செயல்படும் நிரலை இப்போது எல்லோரும் ஏஜென்ட் என்கிறார்கள், சரி. ஆனால் யார் எதற்குப் பொறுப்பு, ஒப்புக்கொண்ட வேலை முடியாமல் போனால் யாரிடம் சொல்வது என்பதை முதலில் வரையாமல் நிரலில் இறங்கினால் தலைவலிதான். அந்த வரைபடத்துக்கே நான்கு மாதம் கொடுத்தேன். அடுத்து, வாசலில் காத்து நிற்கும் லாரிகளையும் இந்த மாதிரிக்குள் கொண்டுவர வேண்டும்.