கூடும், கூட்டும்

விளம்பர நிறுவனத்தில் தமிழ் எழுதுகிறவருக்கு வேலை எப்போதும் கடைசியில்தான் வரும். ஆங்கிலம் எழுதி, வாடிக்கையாளர் தலையாட்டி, சிங்களமும் முடிந்து, படங்களை எல்லாம் அடுக்கிய பிறகு, பின்னேரம் நாலரைக்கு என் மேசைக்கு வரும். "அக்கா, ஆறு மணிக்குள்ள பேப்பருக்கு அனுப்பவேணும்." கொழும்பில் பதினாலு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். பால்மா, சவர்க்காரம், நகை அடகு, தவணைக் கட்டணத்தில் குளிர்சாதனப்பெட்டி. இவற்றில் எதுவும் என் நித்திரையைக் கெடுத்ததில்லை. ஞாபகசக்திக் குளிசை ஒன்றுக்கு எழுதிய நான்கு வரிதான் கெடுத்தது.

சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆங்கிலப் பிரதியில் 'மே ஹெல்ப் சப்போர்ட் மெமரி' என்றிருந்தது. பக்கத்தில் எறும்பு அளவில் ஒரு நட்சத்திரக் குறி. நான் 'ஞாபகசக்திக்கு உதவக்கூடும்' என்று எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளரோடு தொடர்பு வைத்திருக்கும் தம்பி வந்தார். "'கூடும்' எண்டால் சனம் வாங்குமா அக்கா? றேடியோவில வாசிக்கேக்கையும் இழுபடுது." 'உதவும்' என்று மாற்றினேன். அது வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பி வந்தபோது 'ஞாபகசக்தியைக் கூட்டும்' என்று ஆகியிருந்தது. கூடும், கூட்டும். நடுவில் ஒரேயொரு 'ட்' கூடுதல். முதலாவது நிச்சயமில்லை என்கிறது, இரண்டாவது சத்தியம் பண்ணுகிறது. மணி ஆறாகப் போகிறது. சரி போகட்டும் என்று கையெழுத்து வைத்தேன்.

அந்த நட்சத்திரம் தமிழ் விளம்பரத்தில் இல்லை. அடிக்குறிப்புக்கு இடம் போதவில்லை என்றார்கள். வானொலியில் நட்சத்திரத்தை வாசிக்கவே முடியாது. அது எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1994இல் கொண்டுவந்த சட்டம் ஒன்றின்படி, சத்துக் குளிசை விற்பவர் அது வேலை செய்கிறது என்று முன்கூட்டியே அரசுக்கு நிரூபித்துக் காட்டத் தேவையில்லை. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லாதவரை, 'ஞாபகசக்திக்குத் துணை' என்று போடலாம். ஆனால் இந்தக் கூற்றை அரசின் உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ இது உரியதல்ல என்று போத்தலில் அச்சிடவேண்டும். நட்சத்திரம் கூட்டிப்போவது அந்த வரிக்குத்தான். அதாவது ஆங்கிலம் வாசிக்கிறவருக்கு இரண்டு எச்சரிக்கை இருந்தது: ஒரு 'கூடும்', ஒரு நட்சத்திரம். தமிழ் வாசிக்கிறவரிடம் போய்ச் சேரும்போது இரண்டும் இல்லை. இரண்டையும் எடுத்தது என் மேசையில்.

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வட்டமான, விளிம்பில் வெட்டுள்ள வல்லாரை இலை பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வல்லாரைச் சம்பல் சாப்பிட்டு வளராத பிள்ளை நம்மில் குறைவு. சோதனைக் காலத்தில் அம்மாமார் பிடிபிடியாய் வாங்குவார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இலை தொடுகிறது. ஆனால் போத்தலில் எழுதியிருந்த மூலிகை நீர்ப்பிரமி. அதன் இலை சிறியது, தடித்தது, வேறு செடி. பிரமி என்ற பெயரை இந்தியாவில் இரண்டுக்கும் சொல்வார்கள், அந்தக் குழப்பம் இவர்களுக்கு வசதியாகிவிட்டது. நீர்ப்பிரமிச் சாற்றை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தவை. சில சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு சோதனை எழுதும் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

விளம்பரம் வந்து ஏழெட்டு மாதம் போயிருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் மாஸ்டர். அவர் மனைவி எங்களுக்கு அன்ரி. ஒருநாள் படியில் மறித்து, சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பர்த் துண்டு ஒன்றை எடுத்தார். மடிப்பு பிய்ந்து, ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. என் நான்கு வரி. 'கூட்டும்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு.

"பிள்ளை, இது உங்கட கந்தோரில செய்ததெண்டு கேள்விப்பட்டன். ஆறு போத்தல் முடிஞ்சுது. அன்ரிக்கு ஒரு மாற்றமும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னமா, பின்னமா குடுக்கவேணும்? நான் பிழையாக் குடுக்கிறனோ?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பிழை தன்னுடையது என்று நினைத்தார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்த மனிதர், அச்சில் வந்த வினைமுற்றை நம்பினார். "மாஸ்டர், அதை எழுதினது நான்தான். அது உண்மையில்லை. அன்ரியை டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்று சொல்ல எனக்கு நிறைய நேரம் எடுத்தது. அடுத்த கிழமை நானும் கூடப் போனேன். டொக்டர் முதலில் கேட்டது எப்போதிருந்து என்று. பிறகு இரத்தப் பரிசோதனைகள் எழுதினார். தைரொயிட் சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. மறதி என்றால் எல்லாம் மறதிநோய் அல்ல. தைரொயிட், பி12 குறைவு, மனச்சோர்வு, சாப்பிடும் வேறு குளிசைகள், இவற்றாலும் மறதி வரும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அன்ரிக்குத் தைரொயிட் குளிசை தொடங்கியபின் ஓரளவு தெளிவு வந்தது. முழுக்க இல்லை. அந்த ஏழு மாதம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். ஜின்கோ என்ற இலைச்சாற்றை 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். நாளுக்கு இரண்டு தடவை, 120 மில்லிகிராம் வீதம், ஏறக்குறைய ஆறு வருடம். 2008இல் முடிவு வெளிவந்தது: மருந்தில்லாத வெற்றுக் குளிசை குடித்தவர்களைவிட மறதிநோய் குறையவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல், மறதிநோயைத் தடுக்க என்று பி, ஈ விற்றமின்களையோ மீன் எண்ணெய்க் கொழுப்பமிலங்களையோ பரிந்துரைக்கவேண்டாம் என்றது.

பிரெவஜென் வழக்கை இரண்டு தடவை வாசித்தேன். ஜெலிமீன் ஒன்றில் முதலில் கண்டுபிடித்த புரதத்தை வைத்து ஞாபகசக்திக்கென்று அமெரிக்காவில் விற்ற குளிசை அது. 2017 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் நியூயோர்க் சட்டமா அதிபரும் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் காட்டிய ஆய்வில் 218 பேர். மொத்தமாகப் பார்த்தால் குளிசைக்கும் வெற்றுக் குளிசைக்கும் வித்தியாசமில்லை. அதன்பிறகு அந்த 218 பேரையும் விதவிதமாகப் பிரித்து முப்பது தடவைக்கு மேல் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை தடவை பிரித்தால் ஒன்றிரண்டில் தற்செயலாகவே நல்ல எண் விழும். அதைப் பிடித்துக்கொண்டுதான் 'ஆய்வில் கண்டது' என்று விளம்பரம். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கூற்றுகளை நிறுத்தச் சொன்னது. எட்டு வருடம்! அந்த எட்டு வருடத்தில் எத்தனை மாஸ்டர்கள் வாங்கியிருப்பார்கள்.

இங்கும் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தனி அதிகாரசபை இருக்கிறது. ஆனால் முறைப்பாடு செய்ய ஒருவர் வேண்டும். மாஸ்டரைப் போல, பிழை தன்னுடையது என்று நினைக்கிறவர் முறைப்பாடு செய்யமாட்டார்.

வேலையை நான் விடவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் உடம்புக்குள் போகிற எதற்கும் 'கூட்டும்', 'போக்கும்', 'தீர்க்கும்' என்று இனி எழுதமாட்டேன் என்று மேலாளரிடம் நேரே சொன்னேன். முகம் சுளித்தார், அப்புறம் பேசாமல் விட்டுவிட்டார்.

போன மாதம் இன்னொரு ஞாபகசக்திக் குளிசை வந்தது. மூன்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினேன்: ஆய்வு யாரிடம் நடந்தது, எவ்வளவு காலம் கொடுத்தார்கள், படத்தில் உள்ள இலை உள்ளே உள்ள இலையா. பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து விளம்பரம் பேப்பரில் வந்தது. தமிழை வேறு இடத்தில் எழுதுவித்திருந்தார்கள். 'இரட்டிப்பாக்கும்' என்றிருந்தது. வெட்டியெடுத்து, அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, முறைப்பாட்டுக் கடிதத்தோடு சேர்த்துப் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தை மாஸ்டர்தான் வாசித்துத் திருத்தித் தந்தார்.