செல்ஃப் டிரைவ் ஆப்பில் வண்டி ஏற்றப் போகிற பாண்டி, கடலூர்க்காரர்களுக்கு

எடுக்கிறவரே ஓட்டிக்கொள்ள நம் சொந்தக் காரை வாடகைக்கு விட உதவுவது செல்ஃப் டிரைவ் ஆப். பத்து நிமிஷத்தில் உங்கள் காரை அதில் ஏற்றிவிடலாம் என்று விளம்பரம் சொல்கிறது. போன் நம்பர், ஓடிபி, மாடல், வருஷம் வரைக்கும் பத்து நிமிஷம்தான். அதற்குப் பிறகு 'சரிபார்ப்பில் உள்ளது' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். சோதனை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் இடிப்பது பெயர். ஆர்சியில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஆப்புக்கு மூன்று ஆள். 'ஆவணம் பொருந்தவில்லை' என்று மட்டும் பதில் வரும். எந்த ஆவணம், எந்த எழுத்து என்று சொல்ல மாட்டார்கள். ஹெல்ப்லைனில் கேட்டால், "சார், தெளிவான போட்டோவா மறுபடி அப்லோடு பண்ணுங்க" என்பார்கள். போட்டோ கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், சிக்கல் அதில் இல்லை. ஆப்பில் கணக்குத் தொடங்கும்போதே ஆர்சியில் உள்ள பெயரை, அதே வரிசையில், எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். பணம் வரவேண்டிய பேங்க் அக்கவுண்டில் உள்ள பெயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அங்கேயும் தட்டும். திருத்தித்தான் ஆகவேண்டும் என்றால் பான் கார்டைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், அதை இதற்காகச் செலவழிக்க வேண்டாம். ஆர்சியை அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலிருந்து பிடிஎஃப் ஆக இறக்கிக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் கொடுத்தால் பாதி நேரம் திரும்பி வரும்.

லோன் வண்டியாக இருந்தால் இன்னொரு முடிச்சு. கடன் அடைத்து வருஷமாகியிருக்கும், ஆர்சியில் மட்டும் பேங்க் பெயர் அப்படியே நிற்கும். கடன் பாக்கி இல்லை என்கிற பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் கொடுத்து, ஆர்சியிலிருந்து பேங்க் பெயரை நீக்காமல் (எச்.பி. கேன்சல்) ஆப் பக்கமே போகாதீர்கள். கடன் ஓடிக்கொண்டிருந்தால், லோன் ஒப்பந்தத்தில் வண்டியை வாடகைக்கு விடுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆப் பெரிய எழுத்தில் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை, காசுக்கு விடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி சிக்கல். சட்டப்படியான செல்ஃப் டிரைவ் வண்டிக்கு கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. அதற்கான 1989 ரெண்ட்-ஏ-கேப் திட்டமோ குறைந்தது 50 வண்டி வைத்திருப்பவருக்குத்தான் உரிமம் தருகிறது. ஒற்றை வண்டிக்காரர் உரிமம் உள்ள ஒரு ஆபரேட்டரின் கீழ்தான் போக முடியும். பர்மிட் இல்லாமல் ஓடினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய். அதைவிடப் பயப்பட வேண்டியது இன்சூரன்ஸ். பிரைவேட் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். வாடகைக்கு விட்டால் செல்லாது என்று அங்கே தெளிவாக இருக்கும். ஆப் தருகிற பாதுகாப்புத் திட்டம் எதை ஏற்கும், எதிராளி வண்டிக்கும் ஆளுக்கும் யார் பொறுப்பு, நம் கையிலிருந்து முதலில் எவ்வளவு போகும் என்பதை ஈமெயிலில் எழுத்தாக வாங்கிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். போனில் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்று சொன்னது விபத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இனி போட்டோ. பதிவுகள் அதிகம் திரும்பி வருவதும் இதில்தான், புக்கிங் வருவதும் இதில்தான்.

கடற்கரை ஊர் வண்டி தூரத்திலிருந்து பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படிந்திருக்கும். வெயில் எதிரில் பட்டால் போட்டோவில் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். முதல் நாள் நல்ல தண்ணீரில் வாட்டர் வாஷ், அடிப்பக்கமும் சேர்த்து. போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் புள்ளி புள்ளியாக உப்புக் கறை நிற்கும், ஈரத்தோடு துணியால் துடைத்து எடுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைக்க வேண்டும், எல்லாரும் மறப்பது அதைத்தான். இரவு கழுவி நிறுத்திய வண்டியில் காலையில் பிரேக் டிஸ்க் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருக்கும். அலாய் வீல் வண்டியில் அது அப்பட்டமாகத் தெரியும். ஒரு கிலோமீட்டர் ஓட்டி நாலைந்து தடவை பிரேக் அடித்தால் போய்விடும். துருவோடு படம் போட்டால் சென்னையிலிருந்து பார்க்கிறவர் 'ஓடாத வண்டி' என்று தாண்டிப் போய்விடுவார்.

நேரம், சூரியன் ஏறுவதற்கு முன் காலை ஆறிலிருந்து ஏழரை. சாயங்காலமும் நல்ல வெளிச்சம்தான், ஆனால் பீச் ரோட்டைப் பின்னணியாக வைக்க நினைத்தால் நடக்காது: சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். பாண்டியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர் பின்னணியும் ஆசையைத் தூண்டும். ஒரு படம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். சுவர் ஒரு பக்கம் காரை விழுங்கும். இன்னொரு பக்கம் அங்கே வண்டி கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆள் வந்து நிற்பார், நம் வண்டி லாஸ்பேட்டையில் நிற்கும்.

போனைப் படுக்கை வாட்டில், ஹெட்லைட் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். நின்றபடி நெஞ்சு உயரத்தில் எடுத்தால் வண்டி குள்ளமாகத் தெரியும். பக்கத்தில் நின்று வைடு லென்ஸில் எடுத்தால் பம்பர் மூக்கு மாதிரி நீளும். ஐந்தாறு மீட்டர் தள்ளிப்போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். அட்டைப் படத்துக்கு முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகிற கோணம். நமக்குப் பக்கத்துச் சக்கரத்தின் முகம் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள், டயரின் ஓரம் மட்டும் தெரிந்தால் எடுபடாது. வெள்ளை வண்டி என்றால் திரையில் வண்டியின் மேலேயே தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் பானெட்டின் கோடுகள் கரைந்துவிடும்.

நிராகரிப்பு வாங்கித் தரும் சில்லறை விஷயங்கள்: நம்பர் பிளேட்டில் பிளாஷ் அடித்து எழுத்து மறைவது, பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் போன் நம்பர், கட்சிக் கொடி, பக்கத்து வீட்டு பைக். போன் நம்பர் எங்கே தெரிந்தாலும், ஸ்டிக்கரிலோ விவரத்திலோ, ஆப்புக்கு வெளியே பேரம் பேசப் பார்க்கிறோம் என்று பதிவை நிறுத்திவைப்பார்கள். எலுமிச்சை மிளகாய்க்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. அது தொங்கட்டும்.

உள்ளே எடுக்கும்போது முன் சீட் இரண்டையும் ஒரே அளவுக்கு நகர்த்தி வையுங்கள். டேஷ்போர்டு படத்தில் இக்னிஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். கிலோமீட்டர் தெரியவேண்டும், எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட எரியக்கூடாது, அதற்காக இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டே எடுங்கள். டிக்கியைக் காலியாக எடுக்காமல் ஒரு பெரிய சூட்கேசும் ஒரு பேக்கும் வைத்து எடுத்தால், "நாலு பேர் லக்கேஜ் பிடிக்குமா?" என்கிற கேள்வி பாதியாகக் குறைகிறது. சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் மூட்டை முடிச்சோடு நிற்கிறவரிடம் சமாதானம் சொல்ல முடியாது. ஸ்டெப்னி, ஜாக்கி, டயர் பட்டன் தெரிகிற ஒரு படம். பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், அந்த அளவுக்கு வந்துவிட்ட டயரோடு வண்டியை ஏற்றவே வேண்டாம்.

கீறல், பம்பர் உரசல், கதவு ஓர நசுங்கல் எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துத் தனித்தனியாக எடுத்துக் கடைசியில் போடுங்கள். அழகு கெடுகிறதே என்று தோன்றும். ஆனால் பழைய கீறலுக்குக் காசு பிடிப்பார்களோ என்ற பயம்தான் வாடிக்கையாளரைத் தடுக்கிறது. நாமே காட்டிவிட்டால் அவர் நிம்மதியாக புக் செய்கிறார். புதுக் கீறலுக்கு நாம் கேட்கும்போதும் அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

தலைப்பில் 'சூப்பர் கண்டிஷன்', 'ஃபேமிலி கார்' எல்லாம் வீண். மாடல், வருஷம், எரிபொருள், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எந்த இடம்: 'ஸ்விஃப்ட் 2021, பெட்ரோல், மேனுவல், பாண்டி பஸ் ஸ்டாண்டு அருகில்' என்ற அளவு போதும். ஏஎம்டி (கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் கியர்) வண்டி என்றால் அதைச் சொல்லாமல் விடுவது காசை விடுவது, வெளியூர்க்காரர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். கடலூரில் வண்டி வைத்திருப்பவர்கள், பாண்டியில் கூட்டம் அதிகம் என்று ஆப் மேப்பில் இடக்குறியை அங்கே வைப்பதைப் பார்க்க முடிகிறது. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிற செலவு ஒரு நாள் வாடகையில் கணிசமாகக் கடிக்கும். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன், மஞ்சக்குப்பம் என்று உள்ள இடத்தையே சொல்லுங்கள். சிதம்பரம், பிச்சாவரம், நெய்வேலி, திருவந்திபுரம் போகிறவர்களுக்கு அதுதான் வசதி.

விவரத்தில் கட்டாயம் இருக்கவேண்டிய வரி, எல்லை பற்றியது. பாண்டியில் சரக்கு விலை குறைவு; திரும்பும்போது டிக்கியில் நாலு பாட்டில் ஏற்றுகிறவர் எப்போதும் இருப்பார். எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டி, கடலூர் பக்கத்து ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பிடிபட்டால் பாட்டிலோடு வண்டியும் பறிமுதல், ஓட்டியவர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவது ஆர்சியில் பெயர் உள்ளவர். 'தமிழ்நாட்டு எல்லைக்குள் மது கொண்டுபோகக்கூடாது, வழக்கு வந்தால் பொறுப்பு ஓட்டுநருடையது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், சாவி கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். ஆரோவில் பக்கம் வெளிநாட்டுக்காரர் கேட்டால், அவருடைய நாட்டு லைசென்சோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டும் வேண்டும் என்பதும் ஒரு வரி.

பெட்ரோல் வாங்கிய அளவுக்குத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பாண்டியில் விலை குறைவு என்பதால், கடலூர் வண்டியை எடுக்கிறவரிடம், பாண்டியிலிருந்து திரும்பும்போது எல்லைக்கு முன்பே நிரப்பிக்கொள்ளச் சொன்னால் அவருக்கும் சந்தோஷம். டோல் தனி என்று எழுதுங்கள். ஃபாஸ்டேக் கழிவு சில நேரம் வண்டி திரும்பி வந்த பிறகுதான் எஸ்எம்எஸ் ஆக வரும், அதற்குள் கணக்கு முடித்துவிட்டால் நம் காசு போனது போனதுதான்.

கிலோமீட்டர் வரம்பை ஆப் சொல்கிறபடி விடாமல் நம் ஊர் ஓட்டத்தைப் பார்த்து வையுங்கள். பாண்டியிலிருந்து திருவண்ணாமலை போய்வந்தாலே 200 தாண்டும். பௌர்ணமிக்கு முந்தின நாள் வருகிற புக்கிங் பெரும்பாலும் கிரிவலம்தான். திருநள்ளாறு போகிறவருக்கு 250-க்கு மேல். ஒரு நாளைக்கு 150 என்று வைத்தால் புக்கிங் வராது, வந்தாலும் கடைசியில் சண்டை. டிசம்பர் 31-க்கு வாடகையை இரண்டு மடங்காக்குவதைவிட, குறைந்தது இரண்டு நாள் புக்கிங் என்று வைப்பது மேல். ஒற்றை ராத்திரிக்கு எடுக்கிற கோஷ்டியை அது வடிகட்டிவிடும். மணல், வாந்தி இரண்டுக்கும் சுத்தம் செய்யும் தொகையை முன்பே ரூபாயில் எழுதுங்கள். சீட் ரெயிலுக்குள் போன பீச் மணலை எடுக்க சீட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்து பதிவு பச்சையாக மாறிய பிறகும் ஒன்று கவனிக்க வேண்டும். இன்சூரன்ஸோ புகை சர்டிபிகேட்டோ தேதி முடிந்த அன்று சத்தமில்லாமல் பதிவு மறைந்துவிடும், மெசேஜ்கூட வராது. புதுப்பித்ததும் புதுக் காகிதத்தை நாமாக ஏற்றினால்தான் திரும்ப வரும், அதற்கும் மறுபடி சரிபார்ப்பு. பொங்கல், மே மாத லீவுக்கு நடுவில் தேதி முடிகிறதா என்று இப்போதே பாருங்கள். முடிகிறதென்றால் முன்கூட்டியே புதுப்பித்து ஏற்றிவிடுங்கள். லீவு நாளில் ஹெல்ப்லைன் எடுக்காது.